இருக்கட்டும் என்று சொன்ன சருகுமான்

ஒரு காட்டில் பொழுது சாய்ந்த பிறகு ‘டொப்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

இடி இல்லை. வானம் வெளுத்துக் கிடந்தது. துப்பாக்கியும் இல்லை, துப்பாக்கி என்றால் அதன் பின்னால் ஓர் ஓட்டமும் ஓர் அழுகையும் வரும். மூங்கில் வெடித்திருக்கலாம் என்றால் அதற்கு வெயில் வேண்டும். இந்த டொப்புக்குப் பிறகு சற்று நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம் ‘கொளக், கொளக்’ என்று யாரோ எதையோ எதிலோ ஊற்றும் சத்தம். அதற்குப் பிறகு மறுபடியும் அமைதி. 

ஜெசிந்தா என்ற சருகுமான் தன் குட்டியைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டு, மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டாள். சருகுமான் என்றதும் கொம்பும் துள்ளலுமாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். முயல் அளவுதான் இருக்கும். கொம்பு கிடையாது. கால்கள் தீக்குச்சி மாதிரி. பிழைப்பதற்கு அதற்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான்: சருகோடு சருகாக அசையாமல் உட்கார்ந்திருப்பது. ஜெசிந்தா அதில் கெட்டிக்காரி. அவள் பெற்ற அமலிக்கு அது அறவே வரவில்லை. பிறந்த நாளிலிருந்து அந்தக் குட்டி ஒரு நொடி சும்மா இருந்ததில்லை. தூக்கத்திலும் உதைக்கும்.

குட்டியின் அப்பா பிழைப்பைத் தேடி அடுத்த மலைக்குப் போயிருந்தான். அவனோடு பேச வேண்டுமென்றால் பாறை உச்சிக்கு ஏற வேண்டும், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். பாறை உச்சியில் நிற்கும் சருகுமானைக் கழுகு விட்டுவைக்காது. ஆகவே பேச்சுவார்த்தை இல்லை. எந்தப் பயத்தையும் ஜெசிந்தா தனியாகவே பட வேண்டியிருந்தது.

சத்தம் எங்கிருந்து வந்தது என்பது விடிந்ததும் தெரிந்துபோயிற்று. காட்டின் நடுவில் பாழடைந்த எஸ்டேட் பங்களா ஒன்று இருந்தது. அதைக் கட்டிய துரை போய்ச் சேர்ந்துவிட்டார். கூரையும் போய்விட்டது. தரைக்கு அடியில் இருந்த நிலவறை மட்டும் கெடாமல் இருந்தது. அதற்குள் சிவப்பு ஒயின் பாட்டில்கள் அலமாரி அலமாரியாகப் படுத்துக் கிடந்தன. சிறுத்தையார் அந்த வீட்டில்தான் குடியிருந்தார்.

சிறுத்தையாரைப் பற்றி ஒரு வார்த்தை. புலியார் மாற்றலாகி வேறு சரணாலயத்துக்குப் போனதிலிருந்து காடு இவர் கையில் இருந்தது. நிரந்தரமாக இல்லை, கூடுதல் பொறுப்பாக. எல்லை மரங்களில் நகத்தால் கீறிக் கையெழுத்துப் போடும்போதெல்லாம், பக்கத்தில் ‘பொறுப்பு’ என்று தெரிவதற்காக ஒரு சின்னக் கீறலும் போட வேண்டியிருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

பாட்டில்களைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கமும் போயிற்று. அவருடைய உதவியாளர் நரி, சுற்றுலாப் பயணிகள் பேசிக்கொண்டதைப் புதரிலிருந்து கேட்டுவிட்டு வந்து ஒரு செய்தி சொல்லியிருந்தது. சிவப்பு ஒயினில் இரண்டு வகை உண்டாம். ஒன்று உடனே குடிக்க வேண்டியது, வைத்திருந்தால் புளித்துக் காடியாகிவிடும். மற்றது வைத்திருக்க வேண்டியது, உடனே குடித்தால் பாழ். எந்தப் பாட்டில் எந்த வகை என்பதை மட்டும் சுற்றுலாப் பயணிகள் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார்கள். பாட்டில்களில் ஒட்டியிருந்த தாளைக் கரையான் அரித்திருந்தது.

முதலில் மரநாயைக் கூப்பிட்டார்கள். அது பனங்காட்டிலிருந்து வந்தது. கள்ளுப்பானைக்குள் தலையை விட்டே வளர்ந்த குடும்பம். காலையில் இறக்கிய கள் சாயங்காலம் புளிக்கும், மறுநாள் நாறும் என்பது அதற்குத் தெரிந்த சாத்திரம். பாட்டில்களைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, எல்லாமே ஏற்கெனவே தாமதம், எல்லாவற்றையும் இப்போதே குடித்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டது.

சிறுத்தையார் நம்பினார். முதல் பாட்டில் நாவல்பழச் சாறுபோல நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது பாட்டில் மைபோலக் கறுத்திருந்தது. அதை ஒரே மடக்காக விழுங்கினார். பச்சை வாழைப்பூவை அப்படியே மென்றால் எப்படி இருக்குமோ அப்படித் துவர்த்தது. நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மறுநாள் காலையில் புள்ளிமான் கூட்டத்தின் எதிரில் நின்று அவர் உறுமியபோது ‘ஃபூ’ என்று காற்று மட்டும் வந்தது. மான்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேயத் தொடங்கின.

அன்று சாயங்காலம் மரநாய் பதவியிலிருந்து விடுவிக்கப்பட்டது. வால் மட்டும் வாசலில் கிடந்தது.

அடுத்த நிபுணரைத் தேடும் பொறுப்பு நரியிடம் வந்தது. நரி யோசித்தது. கள் தெரிந்தவனைக் கூப்பிட்டதுதான் தப்பு. ஒயின் இங்கிலீஷ் சமாச்சாரம். இங்கிலீஷ் சமாச்சாரம் என்றால் கான்வென்ட் படிப்பு வேண்டும். அந்தக் காட்டில் ஒரு காலத்தில் கான்வென்ட் இருந்தது, குளக்கரையில், வெள்ளைக் கொக்கு சிஸ்டர்கள் நடத்தியது. மீன் பிடிப்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். தப்பு செய்தால் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நாலு கால் பிள்ளைகளுக்கு அது கஷ்டம்தான், ஆனாலும் நின்றார்கள். குளத்துக்குப் போய்வரும் வழியில் முதலை இருந்ததால் படிப்பை முடித்தவர்கள் குறைவு. முடித்து உயிரோடும் இருப்பது ஜெசிந்தா ஒருத்திதான்.

நரி புதருக்கு முன்னால் வந்து நின்று, “ஏய், நீதானே கான்வென்ட்டு?” என்று கேட்டது.

ஜெசிந்தா சருகாக இருந்து பார்த்தாள். அமலி தும்மிவிட்டது.

குட்டியை விட்டுவிட்டுப் போக ஆளில்லாததால் அதையும் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் அவளுக்கு ஒரே எண்ணம்தான். மரநாய்க்குக் கள்ளைப் பற்றியாவது கொஞ்சம் தெரியும். தனக்கு அதுவும் தெரியாது. தன்னை விடுவித்தார்கள் என்றால், இந்தச் சும்மா இருக்கத் தெரியாத பிள்ளையை யார் சருகுக்குள் அமுக்கிவைப்பார்கள்.

நிலவறையில் குளிர்ச்சியாக இருந்தது. சிறுத்தையார் ஒரு பாட்டிலின் தக்கையைப் பல்லால் கடித்து இழுத்தார். டொப். ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி அவள் முன்னால் தள்ளினார். கறுப்பாக இருந்தது.

“குடிச்சுப் பாத்து சொல்லு.”

கொக்கு சிஸ்டர்கள் இதற்கு ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிறத்தியார் வீட்டில் எதைக் கொடுத்தாலும் பறக்கக் கூடாது. முதல் தடவை கொடுத்தால் ‘இருக்கட்டும்’ என்று சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையும் ‘இருக்கட்டும்’. மூன்றாவது தடவையும் கொடுத்தால்தான் மனசிருந்து கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு ‘போதும்’ என்று சொல்லிவிட வேண்டும். பசியோடு வந்தவள் என்று யாருக்கும் தெரியக் கூடாது. ஜெசிந்தாவுக்கு மற்ற பாடமெல்லாம் மறந்துபோயிருந்தது. இது மட்டும் உடம்பில் ஊறியிருந்தது. பயத்தில் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

“இருக்கட்டுங்கய்யா” என்றாள்.

சிறுத்தையார் அப்படியே நின்றுவிட்டார்.

“வாயிலயே வைக்கலையே” என்றார் நரியிடம். “நிறத்தைப் பாத்தே சொல்லிட்டாளே.”

நரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் உதவியாளராக இருப்பவருக்குப் புரியாமல் இருக்க உரிமை கிடையாது. அது தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கம் கொடுத்தது. கறுப்பாக இருப்பது துவர்க்கும். வாழைக்காயும்தான் துவர்க்கிறது. வாழைக்காயை இருக்கவிட்டால் பழமாகிறது, துவர்ப்பு அடங்கி இனிப்பு வருகிறது. ஆகவே துவர்க்கிற ஒயின் இருக்கட்டும் என்கிறாள். பேசப்பேச, தான் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நரிக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த பாட்டில். டொப். ஜெசிந்தா மறுபடியும் இருக்கட்டும் என்றாள். நரி அந்தப் பாட்டிலை முகர்ந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, தக்கையைத் திருப்பி அடித்து அலமாரியில் படுக்கவைத்தது.

மூன்றாவது பாட்டில். சிறுத்தையாரின் மீசை துடிக்க ஆரம்பித்திருந்தது. ஜெசிந்தா குனிந்து உதட்டை நனைத்துக்கொண்டாள். மெல்லிய சிவப்பு, கொட்டாங்கச்சியின் அடி தெரிந்தது. ருசி என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் நாக்கு பயத்தில் மரத்துப்போயிருந்தது.

“போதுங்கய்யா” என்றாள்.

“போதுமாம்” என்றது நரி. “இருந்தது போதும் என்கிறாங்க. இதுக்கு மேல வச்சா வாழைப்பழம் அழுகுற மாதிரி ஆயிடும். இதைக் குடிக்கலாம் ஐயா.”

சிறுத்தையார் குடித்தார். நன்றாக இருந்தது. படித்தவர் சொல்லிக் குடிக்கிறோம் என்பதால் நன்றாக இருந்ததா, நன்றாக இருந்ததால் நன்றாக இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. நாலாவது பாட்டிலுக்கு முறை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. இப்படியே அந்த வாரம் முழுவதும் டொப், இருக்கட்டும், டொப், இருக்கட்டும், டொப், போதும் என்று போயிற்று. நரி அவளை ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தது.

புகழ் பரவ அதிக நாள் ஆகவில்லை. மறு வாரமே ஜெசிந்தாவின் புதருக்கு முன்னால் வரிசை நின்றது. நரி டோக்கன் கொடுத்தது. இலையைக் கிழித்த டோக்கன்தான், ஆனாலும் டோக்கன் இல்லாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கரடி தேனடையைக் கொண்டுவந்து இது இப்போதைக்கா, வைக்கலாமா என்று கேட்டது. முள்ளம்பன்றி பலாக்காயை உருட்டிக்கொண்டு வந்தது. ஒரு முயல் வெறுங்கையோடு வந்து, தன் மாமியாரைப் பற்றிக் கேட்டது.

“வச்சிருக்கிறதா, இல்ல போதுமா மேடம்? ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா வீட்டுல நிம்மதி.”

ஜெசிந்தா எல்லாரிடமும் கொக்கு சிஸ்டர்கள் சொன்ன வரிசைப்படியே சொன்னாள். அன்றைய வரிசையில் முயல் இரண்டாவதாக நின்றதால் மாமியார் பிழைத்தாள்.

அவளுக்கு இதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. ராத்திரி டொப் சத்தம் கேட்காத நாளே இல்லை, அதைத் தொடர்ந்து நரியின் காலடி. அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: குட்டியைச் சிறுத்தையார் கவனிக்கக் கூடாது. போகும்போதெல்லாம் அமலியை அலமாரிக்குப் பின்னால் இருட்டில் உட்காரவைத்து, இங்கேயே இரு, சருகாக இரு என்று காதில் சொல்லிவிட்டுத்தான் முன்னால் போவாள். குட்டி சரி என்னும். அடுத்த நிமிஷம் வெளியே வந்துவிடும்.

ஒரு சாயங்காலம் அது கீழே கிடந்த தக்கை ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து, சிறுத்தையாரின் முன்னங்காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தது.

சிறுத்தையார் அப்போது மூன்றாவது பாட்டிலைத் திறந்து ஜெசிந்தாவின் கொட்டாங்கச்சியில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிக்கொண்டே கீழே பார்த்தார். முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு யோசனை படர்ந்தது. தேனடைக்கும் பலாக்காய்க்கும் முயலின் மாமியாருக்கும் சொல்கிறவள், இதற்கும் சொல்லலாமே என்கிற யோசனை.

“இது எப்படி?” என்றார், இன்னொரு பாதத்தால் குட்டியைக் காட்டி. “இப்போதைக்கா, வைக்கலாமா?”

கொட்டாங்கச்சி நிறைந்துவிட்டது. அவர் ஊற்றுவதை நிறுத்தவில்லை, அவர் கண் குட்டி மேல் இருந்தது. ஒயின் விளிம்பைத் தாண்டி வழிய ஆரம்பித்தது. மூன்றாவது பாட்டில். இந்த இடத்தில் ஜெசிந்தா சொல்ல வேண்டிய சொல் ‘போதும்’. எல்லாப் பழக்கமும் சேர்ந்து அந்தச் சொல்லை அவள் பல்லுக்குப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. யார் வீட்டிலும், எந்தப் பாத்திரம் வழிந்தாலும், அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். வாயைத் திறந்தால் அதுதான் வரும் என்று அவளுக்கே தெரிந்தது.

வாயைத் திறக்கவில்லை. ஒயின் அவள் குளம்புகளை நனைத்தது. கல் தரையில் ஓடி நரியின் வாலடிக்குப் போனது. நரி வாலை நகர்த்திக்கொண்டது. குட்டி தக்கையை விட்டுவிட்டு ஓடிவருகிற ஒயினை நக்கப் போனது. பாட்டில் காலியாகும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசிச் சொட்டு விழுந்த பிறகு, “இருக்கட்டுங்கய்யா” என்றாள்.

“ஓ” என்றார் சிறுத்தையார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் மரியாதையாக ஏற்றுக்கொண்டார். “நானும் பாத்தேன். இன்னும் எலும்புதான். இருக்கட்டும்.”

ஜெசிந்தாவுக்கு மூச்சு திரும்பியது. அது முழுதாக உள்ளே போவதற்குள் நரி பேச ஆரம்பித்தது. இந்த நரி விளக்கம் கொடுத்தே பழகிப்போன நரி, யாரும் கேட்காமலே கொடுக்கும். இருக்க வேண்டியதை வெளியில் விட்டுவைக்கக் கூடாது ஐயா என்றது. வெயில் பட்டால் கெடும். அலைந்தால் கெடும். இருட்டில், குளிர்ச்சியில், ஒருக்களித்துப் படுக்கவைத்துத்தான் முதிரவிட வேண்டும். பாட்டிலுக்கு என்ன முறையோ அதுதானே இதற்கும்.

சிறுத்தையார் ஒப்புக்கொண்டார். நாளைக்குச் சாயங்காலம் குட்டியைக் கொண்டுவந்து கீழ் அலமாரியில் விட்டுவிட வேண்டும் என்று உத்தரவாயிற்று. தாய் அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கலாம், தொடக் கூடாது.

அன்று ஜெசிந்தா பாறை உச்சிவரைக்கும் ஏறினாள். கழுகு வரவில்லை. சிக்னலும் வரவில்லை. இறங்கி வந்தாள். ஓடிப்போகலாமா என்று பார்த்தாள். அவள் கால்கள் ஓடினால் எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியும். குட்டியின் கால்கள் அதில் பாதி. விடிந்த பிறகு வரிசையில் வந்தவர்கள், மேடம் இன்றைக்கு யாரையும் பார்க்க மாட்டார் என்று நரி சொன்னதால் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். ஆகக் கடைசியில் கரடி மட்டும் நின்று, அவள் சொன்னபடி வைத்திருந்த தேன் பிரமாதமாக வந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனது.

சாயங்காலம் குட்டியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு நிலவறைப் படிகளில் இறங்கினாள்.

கீழ் அலமாரியில் வைக்கோல் பரப்பிவைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பாட்டில்கள். நரி குட்டியைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்கவைத்தது. குட்டி எழுந்துகொண்டது. மறுபடி படுக்கவைத்தது. மறுபடி எழுந்தது. இதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு குட்டிக்கு உற்சாகம் தாங்கவில்லை. நாலு காலையும் உதைத்ததில் பக்கத்துப் பாட்டில் கடகடவென்று உருண்டது.

“ஐயோ, அசையக் கூடாது” என்றது நரி. “அடியில தங்கின மண்டி கலங்கிடும்.”

சிறுத்தையார் அன்றைக்கு முன்கூட்டியே மூன்று, நாலு பாட்டில்களைப் பார்த்திருந்தார். போதும் என்று சொல்லப்பட்ட பாட்டில்கள். அதனால் அவரிடம் பொறுமை இருந்தது. சின்னப் பிள்ளைக்குச் சொன்னால் புரியாது, செய்துகாட்ட வேண்டும் என்று நரியிடம் சொன்னார். குட்டியை நகர்த்திவிட்டு அலமாரியில் ஏறி, கால்களை மடக்கி, சுவரோரம் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டார்.

“இப்படி. பாத்தியா? இப்படிப் படுக்கணும்.”

குட்டி பார்த்தது. சிறுத்தையார் எழுந்திருக்கவில்லை. கல்லின் குளிர்ச்சி விலாவில் ஏறியது. வைக்கோல் மெத்தென்றிருந்தது. ஒருவரும் அவரைப் பார்த்து ஓடாத, அவரும் ஒருவரைத் துரத்த வேண்டியில்லாத இடம்.  குடித்தவர்கள் இப்படிக் கிடந்தால் அடுத்ததாகச் சொந்த விஷயம் வரும். வந்தது.

போன வாரம் ஒரு புள்ளிமானைத் துரத்தினாராம். பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாராம். மான் திரும்பிப் பார்த்ததால், இயற்கைக் காட்சியை ரசிக்கிறவர்போல மலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்றாம். புதுப் புலி ஒன்றை இங்கே நியமிக்கப் போகிறார்கள் என்று குரங்குகள் பேசிக்கொள்கின்றன. பேசிக்கொள்ளட்டும். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும்.

“ஜெசிந்தாம்மா” என்றார். இதுவரை அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “நான் எப்படி? இவங்கெல்லாம் பயத்துல பேசுவாங்க. நீ படிச்சவ. என் கதை முடிஞ்சுதா, இல்ல நான் இனிமேத்தானா?”

நரி அண்ணாந்து பார்த்தது.

சிறுத்தையார் படுத்தபடியே கையை நீட்டி, தலைமாட்டில் திறந்திருந்த பாட்டிலிலிருந்து ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி அவள் பக்கம் தள்ளினார். “தொண்டையை நனைச்சுக்கிட்டு நிதானமா சொல்லு.”

ஜெசிந்தா அவரைப் பார்த்தாள். மீசை நரைத்திருந்தது. மேல்வரிசையில் ஒரு கோரைப்பல் பாதிதான் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. குட்டி அவள் காலுக்கடியில் புகுந்து வெளியே வந்து மறுபடி புகுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவளுக்கு அவர் கொடுக்கும் முதல் கொட்டாங்கச்சி அது.

“இருக்கட்டுங்கய்யா” என்றாள்.

சிறுத்தையார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. இத்தனை வருஷப் பொறுப்பில் அவரைப் பற்றி யாரும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

“எவ்வளவு காலம்?” என்றார் சுவரைப் பார்த்தபடி.

“நல்லதா இருந்தா அவசரப்படக் கூடாதுங்க” என்றாள் ஜெசிந்தா. இது கொக்கு சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தது இல்லை.

நரிக்கு இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் ஆசை. ஆனால் யாரோ இருக்கட்டும் என்று சொன்னதும் அதன் வாய் தானாகத் திறந்துகொண்டது. இருட்டு வேண்டும் ஐயா, குளிர்ச்சி வேண்டும், அசைவு கூடாது, சத்தம் கூடாது, முக்கியமாக எப்படி வந்திருக்கிறது என்று நடுவில் திறந்து பார்க்கவே கூடாது, திறந்தால் காற்றுப் பட்டு அத்தனையும் காடியாகிவிடும் என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டு, பிறகுதான் தான் சொன்னது என்னவென்று யோசித்தது.

அந்த நேரம் பார்த்துக் குட்டி அலமாரியில் தொற்றி ஏறி, வைக்கோலில் குதித்து, சிறுத்தையாரின் விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டது.

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இதை வெளிய எடுங்க” என்றார் சிறுத்தையார், கோபமில்லாமல், முதிரத் தொடங்கிவிட்டவரின் குரலில். “பக்கத்துல இது இப்படி உதைச்சுக்கிட்டுக் கிடந்தா நான் எப்படி முதிர்றது? எல்லாரும் வெளிய போங்க.”

ஜெசிந்தா அவரை இரண்டாம் தடவை சொல்லவிடவில்லை. குட்டியைப் படிக்கட்டில் தள்ளிக்கொண்டு ஏறினாள். பின்னால் நரி தயங்கித் தயங்கி வந்தது. வாசலில் நின்று, ஐயா கவலைப்பட வேண்டாம், கதவை வெளியில் தானே பூட்டிக்கொண்டு சாவியைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும், காட்டு நிர்வாகத்தையும் அதுவரை தானே கவனித்துக்கொள்வதாகவும் சொன்னது.

இருட்டுக்குள்ளிருந்து ஓர் அரைக் கண் திறந்து நரியைப் பார்த்தது.

“நீ வெளிய பூட்டினா, எப்படி வந்திருக்கேன்னு நாளைக்கே திறந்து பாப்ப. உன்னை எனக்குத் தெரியாதா. தள்ளு.”

கனமாக எதுவோ அலமாரியிலிருந்து இறங்கி நடந்துவந்தது. தேக்குக் கதவு நரியின் மூக்குக்கு முன்னால் சாத்திக்கொண்டது. வெகுகாலம் அசையாத இரும்பு உள்ளே முரண்டு பிடிப்பது கேட்டது. ஒரு தள்ளு, ஒரு முனகல், இன்னொரு தள்ளு. பிறகு உள்பக்கத்திலிருந்து தாழ்ப்பாள் முழுசாக விழுந்தது.

நீதி: சிவப்பு ஒயினில் எதை இப்போது குடிப்பது, எதை முதிரவிடுவது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே மேலே இருப்பவரிடம் அவர் இனிமேல்தான் நன்றாக வருவார் என்று சொல்லி, குளிர்ந்த இருட்டறையில் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவும்.